கோணல் வீட்டில் மூன்று ராத்திரி

லேவன்ஹாம் வீட்டுக்குள் அப்பா வலது காலை எடுத்து வைத்தார், கூடவே நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார். 'குனிந்து வரவும்' என்று வாசலில் ஒரு சின்னப் பலகை மாட்டித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பலகையே குனிந்தால்தான் கண்ணில் படும் உயரத்தில் இருந்தது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உத்தரத்தை, சுவரை, தரையை ஒரு சுற்று பார்த்தார். "ஏம்மா, இந்த மாதிரி கட்டடத்தை எல்லாம் நாங்க கண்டம்னு எழுதிப் பூட்டிட்டு வந்துடுவோம். நீ காசு கொடுத்து எடுத்திருக்கியே?"

அப்பா பொதுப்பணித்துறையில் 32 வருஷம் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். அவரைக் கூட்டிக்கொண்டு ஐந்நூறு வருஷத்துப் பழைய மரவீட்டுக்கு விடுமுறை போகலாம் என்று நான் ஏன் நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பெற்றோர் இங்கிலாந்து வந்தால் லண்டன் பாலம், கோயில், ஸ்காட்லாந்து மலை, அத்தை மகள் வீடு என்று எல்லோரும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறோம், இந்தத் தடவை வேறு ஏதாவது செய்வோமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

லேவன்ஹாம் சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கு லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரயில் கிடையாது. 1865ல் வந்த ரயில், பயணிகளுக்கு 1961லேயே நின்றுபோனது, இப்போது பக்கத்து ஊரான சட்பரி வரைக்கும்தான் ரயில். ஜனம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஆனால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். 1257ல் மூன்றாம் ஹென்றி ராஜா இங்கே சந்தை கூட்ட அனுமதி கொடுத்தார். அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் சந்தை போட்டுவிட முடியாது, ராஜாவிடம் சாசனம் வாங்க வேண்டும், வாங்கிய ஊருக்குச் சந்தையூர் என்று தனி மதிப்பு. சந்தை கூடிய மேடு இன்னும் இருக்கிறது, நடுவில் ஒரு கல் சிலுவைத் தூண், சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள். திருவிழாக் கூட்டத்தில் கால் வலித்துப் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்துகொண்ட கிழவிகளைப் போல இருந்தன.

எங்கள் வீடும் அப்படி ஒரு கிழவிதான். கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை. மாடிப்படி சுருண்டு சுருண்டு ஏறும், பிடிக்க ஒரு கயிறு மட்டும்தான். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் கீழேயே சோபாவில படுத்துக்கறேன், எனக்கு முட்டி வேணும்" என்று சொல்லிவிட்டார்.

மேலே போன அப்பா கேட்ட முதல் கேள்வி, "ரசமட்டம் இருக்கா?" என் பையன் தன் அப்பாவின் போனில் அதற்கும் ஒரு செயலியை இறக்கி, "தாத்தா, நாலு டிகிரி!" என்று கத்தினான். ஜன்னல் பக்கம் வைத்த கோலிக்குண்டு தானாக உருண்டு எதிர்ச் சுவரில் போய் முட்டியது. அடுத்த அரை மணி நேரம் தாத்தாவும் பேரனும் அதே விளையாட்டு. கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து மட்டமாக்கியிருந்தார்கள், இன்னொரு காலுக்கு வைத்த ஆப்பு நழுவிப்போயிருந்ததால் புரண்டு படுத்தால் கட்டில் ஆடும். அப்பா ஒரு பழைய நாளிதழை எட்டாக மடித்து அங்கே சொருகினார்.

வீடு ஏன் கோணல் என்பதை அங்கே போவதற்கு முன்னால் நானும் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வயசாகித் தளர்ந்துவிட்டது என்று. உண்மையில் கோணலில் பெரும்பங்கு கட்டின புதிதிலேயே வந்துவிட்டது. ஓக் மரம் காய்ந்தால் இரும்பு மாதிரி, உளி இறங்காது. அதனால் வெட்டின கையோடு பச்சையாகவே இழைத்து, கழுந்து செதுக்கி, துளையில் சொருகி, மர ஆணி அடித்து வீட்டை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அது தன் இஷ்டத்துக்குக் காய்ந்து, முறுக்கி, வளைந்து, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்டதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடி உத்தரத்தை ஆராயப் போனார்.

அங்கேதான் அந்தக் கீறல்களைப் பார்த்தார். சட்டங்கள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் உளியால் ரோமன் எண்கள், இந்தச் சட்டத்தில் மூன்று கோடு என்றால் அது போய்ச் சேரும் சட்டத்திலும் மூன்று கோடு. நான்குக்கு நான்கு கோடாகவே போட்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஐந்துக்கு முன்னால் ஒன்று இல்லை. தச்சர்கள் வீட்டின் ஒவ்வொரு சுவர்ச் சட்டகத்தையும் முதலில் தங்கள் பட்டறையில் தரையில் படுக்கப் போட்டுச் சேர்த்துப் பார்ப்பார்கள். சரியாக வந்ததும் எண் போட்டுக் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுவந்து எண்ணைப் பார்த்து மாட்டுவார்கள். இன்றைக்குப் பெட்டியில் வரும் அலமாரியை வீட்டில் பிரித்து மாட்டி, கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சிப்போய் முழிக்கிறோமே, அதே சங்கதிதான். அவர்களுக்கு ஆணி மிஞ்சியிருக்காது.

கழற்றி மாட்டலாம் என்பதால் ஒரு வில்லங்கமும் உண்டு. இந்த ஊரில் கம்பளி மண்டபம் என்று 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1911ல் விக்டோரியா ராணியின் மகள் இளவரசி லூயிஸுக்காக அதைப் பிரித்து ஆஸ்காட் என்ற ஊருக்குக் கொண்டுபோகிற வேலை நடந்தது. ஊர்க்காரர்களும் பழைய கட்டடங்களில் அக்கறை உள்ளவர்களும் சும்மா இருக்கவில்லை, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிரித்த கட்டடம் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது. இன்றைக்கு அது ஒரு பெரிய ஹோட்டலின் பகுதி. நாங்கள் அங்கே ஒரு டீ குடித்தோம். விலையைச் சொல்ல மாட்டேன், அம்மா இதைப் படிப்பார்.

மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பூச்சை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள், சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க. மரச் சட்டங்களுக்கு நடுவே ஹேசல் குச்சிகளை நிறுத்திக் குறுக்கே பின்னி, அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் குழைத்து அப்பியிருக்கிறார்கள். "அட, வரிச்சுச் சுவரு!" என்றார் அப்பா. அவர் பிறந்த வீட்டிலேயே மாட்டுக்கொட்டகை அப்படித்தானாம். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பு. ஈரம் உள்ளே போனாலும் சுண்ணாம்பு வழியாக வெளியே வந்துவிடும். போன நூற்றாண்டில் நல்லது செய்வதாக நினைத்து நிறையப் பழைய வீடுகளுக்குச் சிமெண்ட் பூசினார்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, ஐந்நூறு வருஷம் நின்ற ஓக் சட்டங்கள் சில பத்து வருஷங்களில் உளுத்துப்போயின. இப்போது அந்தச் சிமெண்டை உரித்து மறுபடி சுண்ணாம்பு பூசுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை சிமெண்ட் மூட்டை எண்ணிய மனிதரிடம் இதை மெதுவாகத்தான் சொன்னேன்.

மறுநாள் கில்டு மண்டபத்துக்குப் போனோம். சந்தைத் திடலில் வெள்ளிச் சாம்பல் நிற மரச்சட்டங்களோடு நிற்கும் பெரிய கட்டடம். (மரச்சட்டத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது பிற்காலத்து மோகம், இந்தப் பக்கத்தில் ஓக்கை அதன் நிறத்திலேயே விட்டுவிடுவார்கள், எனக்கு இதுதான் அழகு.) கார்பஸ் கிறிஸ்டி என்ற கில்டு 1530 வாக்கில் கட்டியது. கில்டு என்றால் பணக்கார வியாபாரிகள் சேர்ந்த ஒரு பக்திச் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 1547ல் அரசாங்கம் இப்படிப்பட்ட சங்கங்களை எல்லாம் கலைத்துவிட்டது, ஆக இருபது வருஷம்கூட அவர்கள் அதை அனுபவிக்கவில்லை. பிறகு அது ஊர் மன்றம், சிறைச்சாலை, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதி என்று பல வேஷம் போட்டு, 1951ல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால் கம்பளித் துணியிலிருந்து. லேவன்ஹாம் நீலம் என்றே பேர். வோட் என்ற செடியின் இலையை அரைத்து, உருட்டிக் காயவைத்து, புளிக்கவிட்டு எடுக்கும் சாயம். அந்த நாற்றம் தாங்காமல் முதலாம் எலிசபெத் ராணி தன் அரண்மனைகளுக்குப் பக்கத்தில் இந்தச் செடியைப் பயிரிடக் கூடாது என்று உத்தரவே போட்டார். வோட் இலையில் இருப்பதும் நம் திண்டிவனம் பக்கத்து அவுரியில் இருப்பதும் ஒரே நீலம்தான், அவுரியில் அளவு மிக அதிகம். பிற்காலத்தில் இந்திய அவுரி கப்பலில் வந்து இறங்க இறங்க வோட் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போனது.

1524ல் வரி கட்டின கணக்கில் இங்கிலாந்திலேயே 14வது பணக்கார ஊர் லேவன்ஹாம். யார்க், லிங்கன் மாதிரிப் பெரிய நகரங்களைவிட அதிகம் கட்டியிருக்கிறது. தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரி 1523ல் சாகும்போது தேவாலயக் கோபுரத்துக்குப் பணம் எழுதி வைத்துவிட்டுப் போனார். 43 மீட்டர் உயரக் கோபுரம், ஊர் எல்லைக்கு வெகு முன்னாலேயே தெரியும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்த கதைதான் எனக்குக் கோபுரத்தைவிடப் பிடித்தது. பிரான்ஸ் மேல் படையெடுக்கப் பணம் வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் மந்திரி கார்டினல் உல்சி ஒரு புது வசூல் ஆரம்பித்தார், அன்பளிப்பு என்று பேர், ஆனால் சொத்தில் ஆறில் ஒரு பங்கு. வியாபாரிகள் வந்து நெசவாளிகளிடம், எங்களிடம் பணம் இல்லை, இனி உங்களுக்கு வேலை இல்லை என்று கையை விரித்தார்கள். லேவன்ஹாமிலும் சுற்று ஊர்களிலும் இருந்து நாலாயிரம் பேர் திரண்டுவிட்டார்கள். தேவாலய மணியை அடித்துக் கூட்டம் சேர்ப்பதாக இருந்தது, அதற்குள் ஒரு பணக்கார வியாபாரி மணிகளின் நாக்கைக் கழற்றி ஒளித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. படையோடு வந்த நார்ஃபோக் பிரபு, உங்கள் தலைவன் யார் என்று கேட்டாராம். ஜான் கிரீன் என்ற ஐம்பது வயது ஆள் முன்னால் வந்து, எங்கள் தலைவன் பேர் வறுமை, அவனும் அவன் பங்காளி இல்லாமையும்தான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றார். கடைசியில் ராஜா வசூலைக் கைவிட்டார்.

அதே தலைவன்தான் பின்னால் இந்த ஊரைக் காப்பாற்றியதும். 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பாதியில் டச்சு அகதிகள் கால்செஸ்டரில் வந்து குடியேறி, லேசான, விலை குறைந்த புதுவகைத் துணி நெய்தார்கள். லேவன்ஹாமின் கனத்த நீலத்தைக் கேட்க ஆள் இல்லை. இங்கிலாந்தில் மற்ற ஊர்களில் காசு வந்தபோதெல்லாம் பழைய மரவீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள், அதற்கும் முடியாதவர்கள் முன்பக்கம் மட்டுமாவது செங்கல் முகம் வைத்துக்கொண்டார்கள். இங்கே இடிக்கவும் காசில்லை, கட்டவும் காசில்லை, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதே வீட்டில் குடியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குதிரைமயிரில் துணி நெய்திருக்கிறார்கள். பக்கத்து லாங் மெல்ஃபோர்ட், கிளெம்ஸ்ஃபோர்டில் தேங்காய் நாரில் பாய் பின்னியிருக்கிறார்கள், தென்னையே இல்லாத தேசத்தில்! ஆக, இன்றைக்கு நாம் போய் நின்று போட்டோ எடுக்கும் அழகு, முந்நூறு வருஷம் வீட்டுக்குச் செலவழிக்க வழியில்லாமல் இருந்தவர்கள் விட்டுப்போனது. கில்டு மண்டபத்தில் நிற்கும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். "நம்ம பக்கத்திலயும் பழைய வீடு மிஞ்சினதெல்லாம் அண்ணன் தம்பி கேஸ் போட்டதாலதான்" என்றார்.

லிட்டில் ஹால் என்று ஒரு பழைய வீட்டுக்கும் போனோம். இரட்டையர்களான கேயர்-ஆண்டர்சன் சகோதரர்கள் அதை வாங்கிப் புதுப்பித்தவர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் காதில் வளையம் போட்ட எகிப்து வெண்கலப் பூனை இருக்கிறதே, அது அந்த இருவரில் ஒருவர் கொடுத்தது. பையனுக்கு ஊரிலேயே அதுதான் பிடித்தது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அலமாரியில் ஒரு கோப்பு வைத்திருந்தார்கள், வீட்டின் சரித்திரம், வைஃபை கடவுச்சொல், குப்பை எடுக்கும் கிழமை எல்லாம் அதில். இது ஒரு நெசவாளியின் குடில் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்து கூடத்தை அடி வைத்து அளந்தார். பத்தடிக்குப் பதினொன்று, அதிலும் பாதிச் சுவரைக் கணப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நெய்த அகலத் துணி முடிந்து வரும்போது ஒன்றே முக்கால் கஜ அகலம். ஆனால் நெய்த பிறகு அதைத் தண்ணீரிலும் மண்ணிலும் போட்டு மிதித்துச் சுருக்குவார்கள், ஆகவே தறியில் இருக்கும்போது இரண்டரை கஜத்துக்குக் குறையாது. தறிக்கு ஆளும் இரண்டு பேர். ஊடைநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டைக்கு நாடா என்று பேர்; கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை 1733ல் ஜான் கே என்பவர் கண்டுபிடிக்கும்வரை ஒருவர் நாடாவை எறிய மற்றவர் அந்தக் கடைசியில் பிடிக்க வேண்டும். "தறியை வெச்சுட்டா இவங்க அடுப்பு எங்க மூட்டுவாங்க? பிள்ளைங்க எங்க படுக்கும்?" என்றார் அப்பா. நூல் நூற்றவர்கள் இருந்திருக்கலாம், கம்பளி சிக்கெடுத்தவர்கள் இருந்திருக்கலாம், வீடே அன்றைக்கு வேறு அளவில் இருந்து பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் வாடகைக்கு விடும் குடில் என்றால் நெசவாளி குடில் என்று போட்டுவிடுகிறார்கள். நூல் நூற்ற விதவையின் குடில் என்று போட்டால் யார் வருவார்கள்?

இரண்டாம் ராத்திரி சாதம், ரசம் வைத்தோம். கடுகு தாளித்ததுதான் தாமதம், கூரைக்குக் கீழே இருந்த புகை எச்சரிப்பு ஊளையிட ஆரம்பித்துவிட்டது. சமையலறை ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். ஒரு காலத்தில் இந்தக் கணப்பில் நாள் முழுக்க விறகு எரிந்திருக்கும், இன்றைக்கு நாலு கடுகுக்கு இந்த ஆர்ப்பாட்டம். என் கணவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, அவர் தலையும் உத்தரத்தில் இடித்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கோபமாக வந்திருக்கிறார் என்று நான் மன்னிப்பு கேட்க ஆரம்பிக்க, அவர் மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை இது என்று கேட்டார். ஒரு டம்ளர் ரசம் வாங்கிக் குடித்தார், இருமினார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அவர்தான் சொன்னார், இந்த வரிசையில் வருஷம் முழுக்கக் குடியிருப்பது மூன்று வீடுகள்தான் என்று. அப்புறம்தான் கவனித்தேன், பல கதவுகளின் பக்கத்தில் எண் அழுத்திச் சாவி எடுக்கும் குட்டிப் பெட்டி. இங்கே ஒரு விதி இருக்கிறது: வருஷத்தில் 140 நாள் வாடகைக்குத் தயாராக வைத்து, அதில் 70 நாளாவது உண்மையில் விட்டிருந்தால் அது வீடு இல்லை, தொழில். வீட்டு வரி கிடையாது, தொழில் வரிதான், சின்னத் தொழில் என்றால் சலுகையில் அதுவும் பல சமயம் பூஜ்யமாகிவிடும். நல்ல வேளையாக விடுமுறை வீடுகளுக்கு இருந்த தனி வருமானவரிச் சலுகையை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் பேரன் பத்து மைல் தள்ளி வாடகைக்கு இருக்கிறானாம், இந்த ஊரில் வீடு வாங்க அவனால் முடியாதாம். எங்களைக் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாவிப் பெட்டியில் எண் அழுத்தி உள்ளே வந்தவள் நான். ரசம் ஊற்றிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா என்ன. வறுமை காப்பாற்றிய வீட்டில் இப்போது வறியவன் மட்டும் இருக்க முடியாது என்று என் கணவரிடம் சொன்னேன். "அப்ப அடுத்த தடவை வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றுதான் இருந்தது. இப்போதும் பதில் தெரியவில்லை.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட நினைத்தால்கூட அனுமதி வாங்க வேண்டும், அது எளிதில் கிடைக்காது. ஒற்றைக் கண்ணாடி வழியாக அக்டோபர் மாதம் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. ராத்திரி கணப்பு அணைந்து வீடு ஆறும்போது மரம் சுருங்கி டொக், டொக் என்று சத்தம் போடும். முதல் ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. மூன்றாம் ராத்திரி அந்தச் சத்தத்திலேயே குறட்டை விட்டார்.

கிளம்பும் காலையில் அப்பா விருந்தினர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். முந்தைய பக்கமெல்லாம் அருமை, மாயம், காதல் நிறைந்த வார இறுதி என்று பூப்போட்ட எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழில் எழுதினார், அவருடைய பழைய ஆய்வறிக்கைக் கையெழுத்து, தேதியோடு:

"கட்டடம் பார்வையிடப்பட்டது. மட்டம் இல்லை. தூக்கு இல்லை. உறுதி உள்ளது. சிமெண்ட் உபயோகிக்கக் கூடாது. மாடி வடக்கு அறைக் கட்டிலுக்கு மர ஆப்பு 1 தேவை, தற்காலிகமாகச் செய்தித்தாள் வைக்கப்பட்டுள்ளது."